மாசம் ஏறுற ஆயிரம் ரூபாய்: ஆர்டியா, நகைச்சீட்டா, எஸ்ஐபியா, இல்ல அம்மாவோட அடகு நகையா?

தமிழ்நாட்டுல காலேஜ் படிக்கிற நிறைய பசங்களுக்கு இப்ப மாசாமாசம் அக்கவுண்ட்ல ஆயிரம் ரூபாய் ஏறுது. அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் படிச்சிட்டு காலேஜ் சேர்ந்த பொண்ணுங்களுக்கு புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல ஆரம்பிச்சது, பசங்களுக்கு தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-ல கோயம்புத்தூர்ல தொடங்கினாங்க, அந்த வருஷக் கடைசியில அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் மீடியம் படிச்ச பொண்ணுங்களையும் சேர்த்தாங்க. விடாம வந்தா மூணு வருஷ டிகிரிக்கு 36,000, இன்ஜினியரிங்னா 48,000. கையில மொத்தமா பாத்தா சின்னப் பணம் இல்ல, பழைய லேப்டாப் வாங்கலாம், வேலை கிடைச்சு சென்னைக்கோ பெங்களூருக்கோ போறப்ப முதல் மாச பிஜி ரூம் அட்வான்ஸ் கட்டலாம், கோச்சிங் ஃபீஸ் கட்டலாம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்த ஆயிரம் பஸ்ஸுக்கும் மத்தியான சாப்பாட்டுக்கும் ஜெராக்ஸுக்குமே தீந்துடுதுன்னா அது தப்பே இல்ல, படிப்பு நிக்காம இருக்கத்தான் அந்தப் பணத்தையே குடுக்கறாங்க. சாப்பாட்டக் கொறச்சு சேமிக்கணும்னு யாரும் சொன்னா கேக்காதீங்க. இது எழுதறது, ஐநூறோ ஆயிரமோ மிச்சம் பிடிக்க முடியற பசங்களுக்கு, டியூஷன் எடுத்தோ சனி ஞாயிறு கேட்டரிங் போயோ சம்பாதிக்கிறவங்களுக்கும் இதே கணக்குதான்.

பசங்க கேக்கறது பெரும்பாலும் ஒரே கேள்விதான், "எதுல வட்டி அதிகம்?" மாசம் ஆயிரத்துக்கு அது ரெண்டாவது கேள்வி. பணம் எனக்கு எந்த மாசம் வேணும், நடுவுல அவசரம்னா வெளிய எடுக்க முடியுமா, ஒரு மாசம் கட்ட முடியலன்னா என்ன ஆகும், இத மூணையும் முதல்ல கேட்டுட்டு அப்புறம் வட்டிக்கு வாங்க. ஏன் இப்படிச் சொல்றேன்னு கணக்குப் போட்டாலே தெரியும்.

பணம் ஏறுற அதே பேங்க் அக்கவுண்ட்லயே விட்டுட்டீங்கன்னு வச்சுக்கோங்க, பெரிய பேங்க்ல சேவிங்ஸ் வட்டி இப்ப வருஷத்துக்கு 2.5 சதவீதம், மூணு வருஷம் மாசம் ஆயிரம் விட்டா மொத்த வட்டி கிட்டத்தட்ட 1,400 ரூபாய். அதையே பேங்க் ஆர்டியில, அதாவது மாசாமாசம் ஒரே தொகை கட்டி கடைசியில வட்டியோட மொத்தமா வாங்கற டெபாசிட்ல, ஆறு சதவீதத்துக்குப் போட்டா ஏறக்குறைய 3,500. வித்தியாசம் மூணு வருஷத்துக்கு 2,100 ரூபாய், அதாவது மாசத்துக்கு அறுபது ரூபாய் கூட இல்ல. இந்த அறுபது ரூபாய்க்காக ராத்திரி தூக்கம் கெட வேண்டாம். ஆனா ஆர்டி போடச் சொல்றதுக்குக் காரணம் வேற, சேவிங்ஸ்ல இருக்கிற பணம் யுபிஐயோட ஒட்டிக்கிட்டே இருக்கு, பிரியாணிக்கு நூத்தி எண்பது, ரீசார்ஜுக்கு முன்னூறு, ஃப்ரெண்டு பர்த்டேக்கு இருநூறுன்னு போயி மாசக் கடைசியில பாத்தா நாப்பது ரூபாய் இருக்கும். வட்டி கம்மியா வர்றதால நமக்கு நஷ்டம் ரெண்டாயிரம், பணம் கண்ணு முன்னாடி இருக்கிறதால நஷ்டம் முப்பத்தாறாயிரம்.

அதனால முதல் வேலை, சேக்கற பணத்த யுபிஐ இல்லாத இடத்துக்கு மாத்தறது. இதுக்கு நிறைய பேரு மறந்துபோன ஒரு இடம் இருக்கு, போஸ்ட் ஆபீஸ் சேவிங்ஸ் அக்கவுண்ட். 500 ரூபாய் போட்டு ஆரம்பிக்கலாம், வட்டி 4 சதவீதம், எப்ப வேணா எடுக்கலாம். பத்தாம் தேதிக்குள்ள போட்டாத்தான் அந்த மாசத்துக்கு வட்டி கணக்காகும், ஏன்னா பத்தாம் தேதியில இருந்து மாசக் கடைசி வரைக்கும் இருந்ததுல எது கொறஞ்ச பேலன்ஸோ அதுக்குத்தான் வட்டி. அப்புறம் 500-க்குக் கீழ எறக்கிட்டு வருஷக் கடைசி வரைக்கும் அப்படியே விட்டா 50 ரூபாய் பிடிப்பாங்க, இத மட்டும் பாத்துக்கோங்க. அவசரத்துக்குன்னு வைக்கற பணத்துக்கு இதவிட நல்ல இடம் எனக்குத் தெரியல, கவுன்டர்ல போயி நின்னு ஃபார்ம் எழுதி எடுக்கணும்கிற அந்தச் சின்ன அலைச்சலே பணத்தக் காப்பாத்தும்.

ஆனா போஸ்ட் ஆபீஸ் ஆர்டி வேற விஷயம், அதுல காலேஜ் பசங்க கவனமா இருக்கணும். வட்டி 6.7 சதவீதம், மாசம் நூறு ரூபாய்ல இருந்து போடலாம், அஞ்சு வருஷம் மாசம் ஆயிரம் போட்டா 60,000-த்துக்கு 71,000 சொச்சம் வரும், கேக்கவே நல்லா இருக்கு. சிக்கல் என்னன்னா அது அஞ்சு வருஷத் திட்டம், உங்க டிகிரி மூணு வருஷம். மூணு வருஷம் முடியறதுக்கு முன்னாடி முடிக்கவே முடியாது, அதுக்கு அப்புறம் முடிச்சாலும் 6.7 கிடையாது, சேவிங்ஸ் வட்டி 4-தான் கணக்குப் போடுவாங்க. அதாவது மூணு வருஷத்துல பணம் வேணும்னு தெரிஞ்சவங்க போஸ்ட் ஆபீஸ் ஆர்டி போட்டா சேவிங்ஸ் அக்கவுண்ட்ல வாங்கற வட்டிய பூட்டு போட்டு வாங்கற மாதிரி ஆயிடும். பன்னெண்டு மாசம் கட்டினதுக்கு அப்புறம் இருக்கிறதுல பாதி வரைக்கும் லோன் எடுக்கலாம், உண்மைதான், ஆனா நம்ம பணத்துக்கு நாமளே வட்டி கட்டணும். ஒரு மாசம் கட்டலன்னா நூத்துக்கு ஒரு ரூபாய் அபராதம், அது பெருசு இல்ல, நாலு மாசத்துக்கு மேல விட்டா அக்கவுண்ட் நின்னு போகும், அத மறுபடி ஓட வைக்க ரெண்டு மாசம்தான் டைம். பி.இ. முதல் வருஷம் சேர்ந்த உடனே ஆரம்பிச்சு, வேலைக்குப் போன முதல் வருஷமும் கட்டுவேன்னு உறுதியா இருக்கிறவங்களுக்கு மட்டும் இது பொருந்தும்.

பி.ஏ., பி.எஸ்சி., பி.காம்.காரங்களுக்கு பேங்க் ஆர்டிதான் சரி, ஏன்னா எத்தன மாசம்னு நாமளே சொல்லலாம். ரெண்டாவது வருஷம் படிக்கறீங்க, ஃபைனல் இயர் மே மாசம் பணம் வேணும்னா 20 மாசத்துக்குப் போடுங்க. நடுவுல முடிச்சா அரை சதவீதமோ ஒரு சதவீதமோ வட்டி கொறப்பாங்க, அசல் அப்படியே வரும். ஆட்டோ டெபிட் தேதிய மட்டும் யோசிச்சு வைங்க, உதவித்தொகை ஏறுற நாளுக்கு ஒரு பத்து நாள் தள்ளி, ஒரு மாசம் லேட்டா வந்தாலும் தாங்கற மாதிரி ஒரு மாசப் பணத்த அக்கவுண்ட்ல எக்ஸ்ட்ராவா விட்டுட்டு. ஆயிரம் வருதுன்னு ஆயிரத்துக்கும் போடாதீங்க, எழுநூறு போட்டு முன்னூற போஸ்ட் ஆபீஸ் சேவிங்ஸ்ல விடறது நல்லது.

நகைச்சீட்டுக்கு வரேன், ஏன்னா வீட்டுல பொண்ணுங்களுக்குச் சொல்ற முதல் யோசனை இதுதான், "சீட்டுல போடு, ஒரு கம்மலாச்சும் ஆகும்." அம்மா சொல்றதுல அர்த்தம் இருக்கு, தங்கம் ஏறிக்கிட்டேதான் இருக்கு, 2025 செப்டம்பர்ல சென்னையில கிராம் பத்தாயிரத்தத் தாண்டிச்சு. ஆனா அதே காரணத்தால மாசம் ஆயிரம் கட்டற சீட்டுல 11 மாசம் முடிஞ்சா கையில 11,000, அதுக்கு இன்னைக்கு ஒரு கிராம் வாங்கறதே பெரும்பாடு. ஏன் 11 மாசம்னு யோசிச்சிருக்கீங்களா, பொருளுக்கு முன்பணம்னு வாங்கற காச 365 நாளைக்குள்ள பொருளா குடுத்துடணும், இல்லன்னா அது டெபாசிட் கணக்குல வந்துடும்னு கம்பெனிச் சட்ட விதி இருக்கு, அதுதான் காரணம். கடை தர்ற லாபம் செய்கூலி சேதாரத்துல தள்ளுபடி, அது உண்மையான லாபம்தான், நகை வாங்கியே ஆகணும்னு இருக்கிறவங்களுக்கு. வாங்கி வச்சு அப்புறம் விக்கலாம்னு நெனைக்கிறவங்களுக்கு அது லாபமே இல்ல, சேதாரமும் 3 சதவீத ஜிஎஸ்டியும் விக்கும்போது திரும்பி வராது. சீட்டு பணமா திரும்பாது, நகையாத்தான் வரும், அப்ப லேப்டாப்புக்குன்னு சேக்கறவங்க இதுல போகக் கூடாது. போறதா இருந்தா ஒரே கேள்வி கேளுங்க, கட்டற அன்னைக்கு ரேட்டுல கிராமா வரவு வைக்கறீங்களா, இல்ல ரூபாயாவே வச்சு கடைசி நாள் ரேட்டுல குடுக்கறீங்களான்னு. வெல ஏறுற காலத்துல முதல் வகைதான் நமக்கு நல்லது.

ஏலச்சீட்டு பத்தி நிறைய பேருக்கு பயமும் இருக்கு ஆசையும் இருக்கு. இருபது பேரு, மாசம் ஆயிரம், இருபதாயிரம் சீட்டுன்னு வைங்க, ஒருத்தரு ஆறாயிரம் தள்ளி 14,000-க்கு எடுக்கிறாரு, நடத்தறவங்க கமிஷன் ஆயிரம் போக மிச்சம் அஞ்சாயிரத்த இருபது பேருக்கும் பிரிச்சா ஆளுக்கு 250, அப்ப அடுத்த மாசம் நீங்க 750 கட்டினா போதும். கடைசி வரைக்கும் எடுக்காம இருக்கறவங்களுக்கு நல்லாவே நிக்கும். அவசரத்துக்கு பெரிய தொகை மொத்தமா எடுக்கலாம்கிறது இதுல மட்டும்தான் இருக்கு, அதனாலதான் நம்ம ஊர்ல இது இவ்வளவு காலம் ஓடுது. ஆனா 1982 சீட்டு நிதிச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டையும் பதிவு பண்ணணும், நடத்தறவங்க கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, தெருவுல அக்கா நடத்தற சீட்டுல இது எதுவும் இருக்காது, நம்பிக்கை ஒண்ணுதான் பத்திரம். அந்த அக்கா நல்லவங்களாவே இருக்கலாம், சீட்ட எடுத்த நாலு பேரு கட்டாம ஓடிட்டா அவங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. பதிவு பண்ண கம்பெனியில எடுக்கணும்னா ஜாமீன் கேப்பாங்க, சம்பளம் இல்லாத ஸ்டூடண்டுக்கு யாரு ஜாமீன் போடுவா. படிக்கிற காலத்துக்கு இது வேண்டாம்னுதான் சொல்வேன்.

எஸ்ஐபி, அதாவது மியூச்சுவல் ஃபண்டுல மாசாமாசம் ஒரு தொகை போடறது. யூட்யூப் பாக்குற பசங்க எல்லாரும் இத கேட்டுட்டுதான் வர்றாங்க, நூறு ரூபாய்ல ஆரம்பிக்கலாம், பான் கார்டு இருந்தா ஃபோன்லயே முடியும். இண்டெக்ஸ் ஃபண்டு, அதாவது நிஃப்டி மாதிரி பங்குச்சந்தைக் குறியீட்ட அப்படியே பின்பற்றற ஃபண்டு, நல்ல விஷயம்தான், எனக்கும் அதுல நம்பிக்கை உண்டு, ஆனா 2020-ஐ ஞாபகம் வைங்க. ஜனவரியில 12,300 கிட்ட இருந்த நிஃப்டி மார்ச் 23, 24-ல 7,600-க்கு வந்துச்சு, நூறு ரூபாய் வச்சிருந்தவங்களுக்கு அறுபத்திரண்டு ரூபாய். நவம்பர்லயே பழைய உச்சத்தத் தாண்டிடுச்சு, அதனால காத்திருந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஏப்ரல்ல பிஜி அட்வான்ஸ் கட்ட வேண்டியிருந்த பொண்ணுக்கு நவம்பர் வரைக்கும் காத்திரு தாயின்னு யாரு சொல்றது. அதனால படிப்பு முடியறப்ப வேணும்கிற பணம் எஸ்ஐபிக்குப் போகக் கூடாது, ஏழெட்டு வருஷத்துக்குத் தொட மாட்டேன்னு சொல்ற பணம் மட்டும், அது மாசம் நூறு இருநூறா இருந்தாலும் போதும், சம்பளம் வந்த அப்புறம் ஏத்திக்கலாம்.

எஃப்அண்ட்ஓ, ஆப்ஷன்ஸ்னு பங்கு விலை ஏறுமா எறங்குமான்னு பந்தயம் கட்டற மாதிரியான டிரேடிங், டெலிகிராம் டிப்ஸ், இதெல்லாம் ஒப்பிடவே கூடாத வரிசை, ஆனா ஹாஸ்டல்ல இதுதான் பேச்சுங்கறதால சொல்லணும். பங்குச்சந்தையக் கண்காணிக்கற செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வுல மூணு நிதியாண்டு சேத்துப் பாத்ததுல எஃப்அண்ட்ஓல எறங்கின தனிநபர்கள்ல 93 சதவீதம் பேரு நஷ்டம், ஆளுக்கு சராசரியா ரெண்டு லட்சம். அதுல முப்பது வயசுக்குக் கீழ இருக்கிறவங்க 2023 நிதியாண்டுல 31 சதவீதமா இருந்து அடுத்த வருஷமே 43 ஆயிட்டாங்க. நம்ம வயசுப் பசங்கதான். மாசம் இருபது முப்பது சதவீதம் தரேன்னு எவன் சொன்னாலும் எழுந்து வந்துடுங்க, அப்படிச் சொல்லி காசு வாங்கின ஆருத்ரா கம்பெனி விஷயத்துல 2022-ல ஊரே பாத்துச்சு. இன்னொண்ணு, உன் அக்கவுண்ட்டையும் ஏடிஎம் கார்டையும் குடு, மாசம் அஞ்சாயிரம் தரேன்னு காலேஜ் வாசல்ல ஆள் புடிக்கிறாங்க, அந்த அக்கவுண்ட்ல சைபர் மோசடிப் பணம் வரும், போலீஸ் முதல்ல தேடி வர்றது அக்கவுண்ட் யாரு பேர்ல இருக்கோ அவங்கள.

இப்ப யாருமே ஒப்பிட்டுப் பாக்காத ஒண்ணு, எனக்கு இதுதான் முக்கியம். எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு, பி.காம். ரெண்டாவது வருஷம், ஆர்டி போடலாமா எஸ்ஐபி போடலாமான்னு கேட்டுச்சு. வீட்டுல கடன் ஏதும் இருக்கான்னு கேட்டேன், லோன்லாம் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு, அம்மாவோட செயின் மட்டும் அடகுல இருக்குன்னுச்சு. அடுத்த தடவை அந்த ரசீத எடுத்துட்டு வந்துச்சு, நாலா மடிச்சு மடிச்சு மடிப்புல கிழிஞ்ச காகிதம், எடை ஒரு ஓரத்துல, 40,000 ரூபாய், வட்டி நூத்துக்கு ரெண்டு. பின்பக்கம் அம்மா பென்சில்ல மாசம் மாசமா எழுதி வச்சிருந்தாங்க, 800, 800, 800.

நூத்துக்கு ரெண்டுன்னா ஏதோ சின்னதா கேக்குது, அது மாசத்துக்கு. வருஷத்துக்கு 24 சதவீதம். 40,000-த்துக்கு மாசம் 800, வருஷம் 9,600. பொண்ணு மாசம் ஆயிரம் ஆர்டி போட்டா முதல் வருஷம் வர்ற வட்டி 390 ரூபாய். ஒரே வீட்டுல ஒருத்தங்க 390 சம்பாதிக்கிறதுக்கு சேக்கிறாங்க, இன்னொருத்தங்க 9,600 கட்டிட்டு இருக்காங்க, ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கல, ஏன்னா கடன் விஷயம் பிள்ளைக்குத் தெரியக் கூடாதுன்னு அம்மா நெனைக்கிறாங்க, பொண்ணு அத கேக்கக் கூடாதுன்னு நெனைக்குது.

இதுல ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு, நகைய அடகுக்கடையில இருந்து திருப்பி பேங்க்லயோ கூட்டுறவு சொசைட்டியிலயோ வைக்கிறது. அங்க நகைக்கடன் வருஷத்துக்கு பத்து சதவீதம்னே வச்சாலும் வருஷம் 4,000, அடகுக்கடையில கட்டறதுல 5,600 மிச்சம். மாசம் ஆயிரம் போடற எந்த ஆர்டியும் ஒரு வருஷத்துல அந்த 5,600 தராது. இதுல தடங்கல் எங்கன்னா திருப்பறதுக்கு 40,000 முதல்ல கையில வேணும், அந்த ஒரு நாள் ரெண்டு நாளைக்கு சித்தியோ மாமாவோ கைமாத்து குடுத்தா காலையில திருப்பி மத்தியானம் பேங்க்ல வச்சு சாயங்காலம் குடுத்துடலாம். கேக்கக் கூச்சமாத்தான் இருக்கும், ஆனா சும்மா நாப்பதாயிரம் குடுன்னு கேக்கறதுக்கும், இந்தா ரசீது, கூட வா, சாயங்காலம் திருப்பித் தந்துடறேன்னு கேக்கறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. போற தேதியும் முக்கியம், பல கடையில மாசம் பொறந்து ரெண்டு நாள் ஆனாலும் முழு மாச வட்டி வாங்குவாங்க, அதனால ரசீதுல இருக்கிற தேதிக்கு முன்னாடியே போயிடணும். பேங்க்ல நடுவுல அசல்ல கொஞ்சம் கொஞ்சமா கட்டலாமான்னு வைக்கும்போதே கேட்டுக்கோங்க.

ரெண்டாவது, கைமாத்து கிடைக்கலன்னா, அடகுக்கடையிலயே அசல்ல கட்டறது. பத்தாயிரம் அசல் கொறஞ்சா மாசம் 200 வட்டி கொறையும். அதுவரைக்கும் போஸ்ட் ஆபீஸ் சேவிங்ஸ்ல சேத்து அஞ்சாயிரம் அஞ்சாயிரமா கட்டலாம், கட்டும்போது ரசீதுல எழுதி கையெழுத்து வாங்கிடுங்க.

எஜுகேஷன் லோன் இருக்கிறவங்களுக்கு கணக்கு கொஞ்சம் மாறும். படிக்கிற காலத்துலயும் முடிச்சு ஒரு வருஷம் வரைக்கும் ஈஎம்ஐ கிடையாது, ஆனா வட்டி ஓடிட்டே இருக்கும், தனிவட்டியா, அப்புறம் அது அசலோட சேந்துடும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்குள்ள இருந்து மத்திய அரசு வட்டி மானியத்துல உங்க பேரு சேந்திருந்தா அந்தக் கால வட்டிய அரசே கட்டும், அப்ப நீங்க கட்ட வேண்டியதில்ல, ஆர்டிக்கே போகலாம். பேரு சேந்திருக்கான்னு பிராஞ்ச்ல போயி கேட்டு உறுதி பண்ணுங்க, வருமானச் சான்றிதழ் குடுக்காமயே விட்டுட்டு மானியம் வரும்னு நெனச்சிட்டு இருக்கிற பசங்க இருக்காங்க. மானியம் இல்லன்னா, படிக்கும்போதே வட்டியக் கட்டிட்டு வந்தா பல பேங்க்ல ஒரு சதவீதம் வட்டி கொறப்பாங்க, முழு வட்டியும் கட்டினாத்தான் அந்தச் சலுகை, அதனால முழுசா கட்ட முடியுமான்னு பாத்துட்டு எறங்குங்க. பத்து சதவீத லோன் வட்டிய நிறுத்தறது ஆறு சதவீத ஆர்டிய விட எப்பவுமே மேல.

ஆக, நான் வரிசைப்படுத்தச் சொன்னா இப்படி: போஸ்ட் ஆபீஸ் சேவிங்ஸ்ல ஒரு மூவாயிரம் அவசரத்துக்கு, அது சேந்ததும் வீட்டுல ரெண்டு வட்டி மூணு வட்டிக் கடன் இருந்தா எல்லாப் பணமும் அங்க, அது இல்லன்னா மானியம் இல்லாத எஜுகேஷன் லோன் வட்டி, அதுவும் இல்லன்னா பேங்க் ஆர்டி. எஸ்ஐபி நூறு இருநூறோட நிறுத்திக்கோங்க, நகைச்சீட்டு வீட்டுல நகை வாங்கற விசேஷம் நிஜமாவே இருந்தா மட்டும்.

ஃபைனல் இயர்ல இருக்கிறவங்க, இன்னும் ஏழெட்டு மாசம்தான் பாக்கின்னா புதுசா எதையும் ஆரம்பிக்காதீங்க. வர்றத அப்படியே போஸ்ட் ஆபீஸ் சேவிங்ஸ்ல ஏத்துங்க, இன்டர்வியூவுக்கு பஸ் டிக்கெட், ஒரு நல்ல சட்டை சுடிதார், சர்டிபிகேட் வாங்கற ஃபீஸ், வேலை கிடைச்சா முதல் சம்பளம் வர்ற வரைக்கும் சாப்பாடு, எல்லாம் வரிசையா அந்த ஏப்ரல்ல இருந்து ஜூலைக்குள்ள வந்து நிக்கும், அப்ப கையில இருக்கிற ஏழாயிரம் எட்டாயிரம்தான் மறுபடி அம்மாவோட செயின அடகுக்குப் போகாம தடுக்கும்.